சங்கும் வெல்லமும்

ரோசாவுக்கு முதுகில் சேணம் ஏறினாலே பிடிக்காது. வாரை இழுத்துக் கட்டும்போது வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். கட்டி முடித்ததும் மெல்ல மூச்சை விடும். வார் தளர்ந்து, ஏறியவன் சேணத்தோடு சேர்ந்து சரிவான். ஒரு மாப்பிள்ளையை மாலையும் கழுத்துமாக மண்ணில் உருட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வேலியோரப் புல்லை மேய்ந்த குதிரை அது.

"இந்த முகூர்த்தத்துல ஒழுங்கா நின்னா வச்சுக்கறேன். இல்லன்னா அடிமாட்டோட ஏத்தி வுட்டுருவேன், பாத்துக்க" என்றார் இளையபெருமாள். அரியலூரில் கல்யாணங்களுக்குக் குதிரை விடுகிறவர். சொன்னால் செய்கிற ஆள்.

சாமிதுரைக்கு அது சுருக்கென்றது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை துளைத்து, நெஞ்சில் தூசி கட்டி, இனி வேலைக்கு ஆகமாட்டாய் என்று அனுப்பப்பட்டவன் அவன். குதிரைக்குத் தண்ணி காட்டத்தான் இங்கே வந்தான். மெனக்கெட்டு அதைப் பழக்கவும் ஆரம்பித்தான்.

வாரைக் கட்டிவிட்டு ஏறமாட்டான். கொட்டகையைச் சுற்றி நடத்துவான். அது மூச்சை விட்டதும் இன்னொரு துளை இறுக்குவான். "உப்புடி, நல்லா உப்பு. உனக்கு மூச்சு ஜாஸ்தி, எனக்குப் பொறுமை ஜாஸ்தி." கடைசியில் ரோசாவே சலித்துப்போய் விட்டுக்கொடுத்தது.

மிச்சம் இருந்தது அதன் வெடிப் பயம்; பட்டாசு இல்லாத மாப்பிள்ளை அழைப்பு ஏது? அதற்கும் வழி கண்டான். கொட்டகைக்குப் பின்னால்தான் சுரங்கம். மத்தியானம் எச்சரிக்கைச் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். சங்கு ஊதியதும் மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து ரோசா வாயில் வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பான். முதலில் துள்ளியது, கடித்தது. பிறகு சங்குச் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் காலை ஊன்றி நின்று, காதை நிமிர்த்தி, அவன் மடியைத் தேடியது. தரையே அதிர்ந்தாலும் வெல்லத்தை மென்றுகொண்டிருந்தது.

"எனக்கு என்னைக்காச்சும் இப்படி வெல்லம் ஊட்டிருப்பியாய்யா?" என்றாள் அவன் பெண்டாட்டி சிந்தாமணி.

"நீ வார் கட்டினா நிப்பியா?"

இளையபெருமாளும் வந்து பார்த்தார். "பாறை வெடிக்கே நிக்குது. பட்டாசெல்லாம் இதுக்குச் சுண்டைக்காய்டா!"

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். பிரேம் என்ற பையன் தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்தான். வார் அசையவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து பேண்டு வாத்தியத்துக்கு நடுவே ரோசா தலையை ஆட்டி நடந்தது. சாமிதுரைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஜெயங்கொண்டம் ரோட்டு முனையில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

ரோசா கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. பிரேம் மணல் குவியலில் விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அலறினான். சாமிதுரை ஓடினான். மூச்சு எங்கே இருக்கிறது ஓட? அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அது வெடிக்குப் பழகவே இல்லை. சங்குக்குத்தான் பழகியிருந்தது. பழக்கிய நாட்களில் சங்கு ஊதாமல் ஒருநாளும் அதற்கு வெடி கேட்டதில்லை.

இரண்டு கையையும் வாயில் குவித்து, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, சங்குபோல ஊளையிட்டான்.

ரோசா நின்றது. நடுரோட்டில் காலை ஊன்றி, காதை நிமிர்த்தி, வெல்லத்துக்காக அவன் பக்கம் திரும்பியது. எதிரே வந்த சிமெண்டு லாரிக்காரன் பிரேக்கை மிதித்தான். பாரம் நிற்கவிடவில்லை.

சாமிதுரை ரோட்டில் உட்கார்ந்து அதன் வாயில் வெல்லத்தை வைத்தான். உதடு மூடவில்லை.

"நீ கத்தாம இருந்திருந்தா அந்தாண்ட வயக்காட்டுக்குள்ள ஓடியிருக்கும்டா" என்றார் இளையபெருமாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியது. காலிக் கொட்டகையில் சாமிதுரையின் கை தானாக மடிக்குப் போயிற்று. வெடி வெடித்தது. பிசுபிசுத்த விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு, சாணி அள்ளக் குனிந்தான்.