மணியின் நாக்கு எங்கள் வீட்டில் இருந்தது

நம் நாட்டின் தேசியச் சின்னமான மணியை வார்த்தது எங்கள் குடும்பம். அதனால் எங்கள் வீட்டில் யாரும் தும்முவதில்லை.

இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. சில வீடுகளில் வெங்காயம் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் தும்மல் சேர்ப்பதில்லை. எனக்குக் கடைசியாகத் தும்மல் வந்தது ஒன்பது வயதில். அப்பா என்னைப் பார்த்தார். தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. அது இன்னும் என் முதுகெலும்பில்தான் நிற்கிறது. நான் இவ்வளவு நிமிர்ந்து நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மணியின் வரலாறு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

எண்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், துறைமுகச் சுங்க அலுவலகத்துக்கு ஒரு மணி தேவைப்பட்டது. அந்நிய ஆட்சியாளர்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். மணி அடித்தால் சாப்பிடப் போவார்கள். மணிக்கு வேறு வேலை கிடையாது. அதை என் பாட்டனார் சொக்கலிங்க ஆசாரி வார்த்தார்.

உருகிய வெண்கலத்தை அச்சில் ஊற்றும்போது, பட்டறையில் எல்லோரும் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பாட்டனார் மட்டும் கட்டவில்லை. ஊற்றுகிறவன் முகத்தை உலோகம் பார்க்க வேண்டும் என்றார். பாதி ஊற்றிய நேரத்தில் பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றலைத் தாளித்தார்கள்.

பாட்டனார் தும்மினார். தும்மல் அச்சுக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள் அச்சை உடைத்தபோது, மணியின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. சுங்க அலுவலகத்தார் அதைச் சுட்டிக்காட்டினார்கள். அலங்காரம் என்று பாட்டனார் சொன்னார். அவர்கள் பாராட்டிவிட்டுத் தூக்கி மாட்டினார்கள். ஆனால் அடித்தால் என்ன ஒலி வரும் என்று பாட்டனாருக்குத் தெரியும். ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது ஒருவர் தும்மினாலே ஆகாது. ஒரு மணி தினமும் ஊருக்கே கேட்கும்படி தும்மினால் அதை வார்த்தவன் வீட்டுப் படியை யார் மிதிப்பார்கள்? மாட்டியவர்கள் வெற்றிலை போடப் போன இடைவெளியில், மணியின் நாக்கைக் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் நண்பகலில் மணி அடிக்கவில்லை. ஆட்சியாளர்கள் காத்திருந்தார்கள். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. மணி அடிக்காமல் சாப்பிடுவது அவர்கள் வழக்கமில்லை. ஐந்து மணிக்குப் பசி தாங்காமல் கப்பலேறி, சாப்பிடுவதற்குச் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள்.

நாடு விடுதலை அடைந்தது.

அடிக்காத மணி தேசியச் சின்னமாயிற்று. கொடியில் மணி இருக்கிறது, விரிசலோடு. தபால்தலையிலும் இருக்கிறது. தேசிய கீதம் என்பது மணியின் மௌனம். அதை ஒரு நிமிடம் எழுந்து நின்று பாடுவோம். என் தங்கை சிவபாக்கியத்துக்கு மட்டும் சுருதி சேராது.

நாக்கை எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் வைத்திருந்தோம். நாக்குக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

போன மாதம் மணித் துறையிலிருந்து கடிதம் வந்தது. எண்பத்து நான்காம் விடுதலை நாளன்று மணி முதன்முறையாக அடிக்கப்படும் என்று அதில் இருந்தது. ஜாடியோடு நேரில் வரவும் என்றும் இருந்தது.

"ஜாடி விஷயம் இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான்தான் எழுதிப் போட்டேன் அண்ணே," என்றாள் சிவபாக்கியம்.

"எதுக்கு?"

"எலுமிச்சங்கா முழுக்க அதுவே தின்னுருது. தொட்டுக்க ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டேங்குது."

"நம்ம குடும்ப மானம் என்ன ஆகுறது?"

"மானத்தத் தொட்டுக்கிட்டுப் பழைய சோறு சாப்பிட முடியுமா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சிவபாக்கியம் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மணித் துறை ஒரே தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. குனிந்து நடப்பவர்களுக்கு அது பத்தடி. நிமிர்ந்து நடப்பவர்களுக்கு நாலு கிலோமீட்டர். வாசலில் எழுதியே போட்டிருக்கிறார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன். சிவபாக்கியம் குனிந்து போனாள். நான் இரண்டாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது அவள் திரும்பி வந்தாள்.

"காப்பி குடுத்தாங்க அண்ணே. நல்லா இருந்துச்சு. கொஞ்சம் குனிஞ்சாத்தான் என்ன? இங்க யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்."

"அப்ப நடங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி பத்தடி போனாள்.

இயக்குநரின் பெயர் தெய்வநாயகம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருடைய நிழல் சுவரில் கறையாகப் பதிந்திருந்தது.

"நாக்கு எங்க பெரியவரே?"

"அதுக்கு உடம்பு சரியில்லை."

"நீட்டச் சொல்லுங்க, பார்ப்போம்."

நான் தடுப்பதற்குள் சிவபாக்கியம் ஜாடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டுச் சுவைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உப்பு கொஞ்சம் தூக்கல்."

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றாள் சிவபாக்கியம்.

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரே ஒரு கேள்வி. 'மணி என்ன சொல்லும்?'

"அடிச்ச பிறகு கேட்டு எழுதக் கூடாதா?" என்றேன்.

"கேட்டு எழுதினா அது வதந்தி. முன்னாடியே எழுதினாத்தான் வரலாறு. பாடப்புத்தகம் அச்சுக்குப் போகணும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் எழுதியதில்லை. அலங்காரம் என்று பாட்டனார் சொன்னது வாய்மொழி. நான் பேனாவை வாங்கி 'டாண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்கு நேரம் பிடித்தது.

"மணி வேற ஏதாவது சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"மணியில உங்க பாட்டனார் பேரு பொறிச்சிருக்கு இல்லையா, அதை அரத்தால ராவி எடுத்துடுவோம். பேரு போயிட்டா அவர் அதை வார்க்கல. வார்க்கலன்னா அவரே இல்ல. அப்புறம் நீங்க யாரோட பேரன்னு கேட்டு இன்னொரு படிவம் இருக்கு. அதுக்கு இதைவிட நீளமான தாழ்வாரம்."

அவர் அரத்தைக் காட்டினார். புதிய அரம்.

விடுதலை நாளன்று மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் மணி தொங்கியது. நாக்கைப் பூட்டியிருந்தார்கள். அமைச்சர்கள் வரிசையாக நின்றார்கள். மணி அடித்ததும் அவர்கள் புறப்பட்டுப் போய் நாட்டின் எதிர்காலத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். நாங்கள் மௌனத்தைப் பாடினோம். சிவபாக்கியம் வழக்கம்போல் ஒரு கட்டை மேலே போனாள்.

கயிற்றை இழுக்கும் உரிமை வார்த்த குடும்பத்துக்கு என்றார்கள். கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். மெதுவாக இழுக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. ஓங்கி இழுத்தேன்.

மணி மூச்சை உள்ளே இழுத்தது.

"அ..." என்றது. விரிசல் அகன்றது. மைதானத்தில் இருந்த காகிதக் கொடிகள் எல்லாம் மணியை நோக்கிச் சாய்ந்தன. "அ... அ..."

"ச்சூ!"

புறப்படக் கால் எடுத்து வைத்த அமைச்சர்கள் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் கேட்டார்கள். தும்மல் கேட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எண்பத்து நான்கு ஆண்டுகளாக நாங்கள் மூடி வைத்தது ஒலிபெருக்கி வழியாக நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சிவபாக்கியம், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தும்மினால் நூறு வயது வாழ வாழ்த்துவதுபோல், "நூறு!" என்றாள்.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய்ப்பழக்கம். ஆனால் அவளுக்கு அடுத்திருந்தவளும் "நூறு" என்றாள். அடுத்த வரிசை சொல்லிற்று. மைதானம் சொல்லிற்று. அமைச்சர்கள் தண்ணீரை விழுங்கிவிட்டு "நூறு" என்றார்கள்.

தெய்வநாயகம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மக்கள் சொல்லிட்டாங்க. இது எண்பத்து நான்கு இல்ல, நூறாவது விடுதலை நாள். விடுபட்ட பதினாறு வருஷத்தை எல்லாரும் மாலை ஐந்து மணிக்குள்ள முடிச்சுக்கணும்."

மக்கள் அவசரப்பட்டார்கள். சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றார். எனக்கு எண்பத்தெட்டு வயதாயிற்று. முழங்கால் மட்டும் கொஞ்சம் வலித்தது.

ஐந்து மணிக்குத் தெய்வநாயகம் அரத்தோடு முக்காலியில் ஏறினார்.

"டாண் இல்லையே பெரியவரே."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தத் தும்மல் மணியினுடையது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் எங்கள் வீட்டில் யாருமே தும்மியதில்லை என்று ஆகிவிடும். பாட்டனார் என்று ஒருவர் இருந்ததில்லை என்றும் ஆகிவிடும். அரம் முதல் எழுத்தைத் தொட்டது. 'சொ'வின் கொம்பு சுருண்டு கீழே விழுந்தது.

"நிறுத்துங்க," என்றேன். "அது எங்க வீட்டுத் தும்மல்."

"யாரோடது?"

"சொக்கலிங்க ஆசாரியோடது. அடுத்த வீட்டு மிளகாய் வற்றல். அவர் மூக்கைக் கட்டிக்கல. விரிசல் அலங்காரம் இல்ல."

கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தே நின்றேன்.

"சொன்னாப் போதாது," என்றார் தெய்வநாயகம். "குடும்பத்துல ஒருத்தர் தும்மிக் காட்டணும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்."

நான் சிவபாக்கியத்தைப் பார்த்தேன்.

"என்னப் பார்க்காதீங்க அண்ணே. நான் தினமும் கொல்லப்பக்கம் போய்த் தும்மிட்டு வந்துருவேன். எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மிச்சம் வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"தினமுமா?"

"அம்மாவும் இருந்தவரைக்கும் என்கூட வரும்."

இதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பது வயதில் அப்பா பார்த்த பார்வையை நினைத்தேன். முதன்முறையாக நானும் அவரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகெலும்பின் அடியில் ஏதோ அசைந்தது. ஒவ்வொரு கணுவாக மேலே ஏறி வந்தது.

தும்மினேன்.

என் முதுகு வளைந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு என் செருப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். நல்ல செருப்பு. எங்கோ நாலு கிலோமீட்டர் தாழ்வாரம் ஒன்று சுருங்கிப் பத்தடி ஆகிற சத்தம் கேட்டது.

யாரும் கயிற்றைத் தொடவில்லை. மணி தானாக ஒருமுறை அசைந்தது. எலுமிச்சை ஊறுகாய் வாசனை வந்தது.

"நூறு," என்றது மணி.

குரல் எங்கள் வீட்டுக் குரல்.

தெய்வநாயகம் அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினார். "நம்மாளு தும்மினாத்தான் இப்படி வாய் தானா சொல்லும்," என்றார். கீழே கிடந்த கொம்பைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். வீட்டில் வைத்து ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

கிளம்ப எழுந்த அமைச்சர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவபாக்கியம் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

நூறுக்கு எனக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.