ஆள் வேலையில் இருக்கிறார்

"ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்."

"காரணம் இருக்கு."

"அதைத்தானே கேக்குறேன்!"

"இருக்குன்னு சொல்லிட்டேன்ல. அப்புறம் என்ன?"

மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. ஆகவே நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை; காதில் விழுந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. ஒரு பக்கம் லிஃப்ட் மெக்கானிக், மறுபக்கம் அவருடைய பதினாறு வயது மகள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுவதால் கட்டடத்தில் எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். நடுவில், சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கையில் பிடித்தபடி அம்மா. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"கிளாஸ்ல நாப்பத்திரண்டு பேரு. நாப்பத்தொரு பேரு கடலுக்குப் போறாங்க. இது வரைக்கும் கடலையே பாக்காதவ நான் ஒருத்திதான். இப்பப் போகாதவளும் நான் ஒருத்திதானா?"

"சனிக்கிழமை நீ வீட்டுல இருக்கணும். வேலை இருக்கு."

"என்ன வேலை? பதினாறு வருஷத்துல ஒரு தடவையாவது எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? லீவு வந்தா லிஃப்ட் நின்னுடும். லிஃப்ட் ஓட ஆரம்பிச்சா லீவு முடிஞ்சிடும். உங்களுக்கு லிஃப்ட்தான் பொண்ணு. நான் வெறும் படிக்கட்டு!"

உள் அறைக் கதவு அறைந்து சாத்திய சத்தம் தரைத்தளம் வரை கேட்டது.

அம்மா கணவரைப் பார்த்தாள். "சொல்லிடட்டுமாங்க? பாவமா இருக்கு."

"மூச்சு விடாத. இன்னும் நாலே நாள்." அவர் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினார். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "படிக்கட்டாம்! கேட்டியா நீ? எப்படிப் பிடிச்சா பாரு அந்த வார்த்தையை. வக்கீலுக்குத்தான்டி படிக்கப் போறா அவ, எழுதி வச்சுக்கோ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அந்தச் சிரிப்பு மாடி மாடியாக இறங்கிப் போவதை அம்மா நின்று கேட்டாள்.

காரணம் என்னவென்று வக்கீலைத் தவிர எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை ரயிலில் அவர்கள் மூவரும் கடலுக்குப் போகிறார்கள். ஒரு வாரம். அறை சொல்லியாகிவிட்டது, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். பள்ளியிலிருந்து அதே சனிக்கிழமை, அதே கடலுக்கு ஒரு கூட்டம் கிளம்பும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் அவர் அசையவில்லை. "அவளுக்குக் கடலை முதல்ல காட்டுறது அந்த டிரில் மாஸ்டரா, நானா?" என்று மேல்மாடி டீச்சரிடம் கேட்டாராம். டீச்சர் அதை ரகசியமாக வைத்திருக்கச் சொல்லி எங்கள் எல்லோரிடமும் சொன்னார்.

மூட்டை முடிச்செல்லாம் கூடத்து அலமாரியில் மூன்று வாரமாகத் தயார். அந்த அலமாரிக்குப் பூட்டு கிடையாது. கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவிட்சின் மேல் அதை மாட்டுவார்கள். 'ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.' கீழே பெயர், தேதி, காரணம். மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. ஏனென்றால் மேலே கம்பிகளுக்கு நடுவில் ஒரு உயிர் நிற்கிறது. அவர் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சாயம் காயாத நாற்காலியில் அட்டை. பரீட்சைக் காலத்தில் டிவியில் அட்டை. வக்கீல் ஒன்பது வயதில் ஏதோ கோபத்தில் குளியலறைக் கதவில் ஒன்றை மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்மாடிக்கு வந்து, "டீச்சர், உங்க வீட்டுல குளிச்சுக்கலாமா? எங்க வீட்டுல ஆள் வேலையில இருக்காங்க" என்றார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். அவர் ஒரு வருஷம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படி வளர்ந்த பெண். மூன்று வாரம் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், முறைத்தாள், ஒருநாள் காதை வைத்துக்கூடப் பார்த்தாள். கை வைக்கவில்லை.

பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக் கடையில் தொலைபேசி அடித்தது. ஒரு பெரியவரின் மூக்கில் புது பிரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. எடுத்தால், ஜோடி. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். பதினொரு வருஷமாக அவரோடு வேலைக்குப் போகிற இளைஞனுக்கு எங்களிடம் அதுதான் பெயர்.

"அண்ணி…" என்றான். பிறகு வெறும் மூச்சு.

ஒன்பது மாடிக் கட்டடம். வழக்கம்போல் படியேறித்தான் மேலே போயிருக்கிறார். சுவிட்சை அணைத்து, அட்டையை மாட்டி, "ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன்டா" என்று சுவரில் சாய்ந்திருக்கிறார். ஜோடி கீழே போய் எண்ணெய் டப்பாவோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

அம்மா அந்தப் பெரியவரின் காதுக்குப் பின்னால் பிரேமைச் சரிசெய்து, "கண்ணாடியில பாருங்க, சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்பினாளாம். கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் வீட்டில் நிற்க இடமில்லை. எங்கள் கட்டடத்தார் போக, முன்பின் தெரியாத ஒரு கூட்டம் வந்து நின்றது. அந்த ஒன்பது மாடிக்காரர்கள். ஒரு வயதான அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"நான் எட்டாவது மாடிம்மா. நேத்துலருந்து நாங்க எல்லாரும் நடந்துதான் ஏறி இறங்குறோம்."

"ஏன், இன்னும் சரி பண்ணலையா?"

"லிஃப்டுக்கு ஒண்ணும் இல்லையாம். அவர் மாட்டின அட்டை தொங்குது. யாரு கை வைப்பா? நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டோம்."

எட்டு மாடி. அந்தக் கைத்தடி. அம்மாவுக்கு அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அழுகைக்கு நடுவிலும் அவள் முதுகு நேரானதை நாங்கள் பார்த்தோம்.

வக்கீல் அழவில்லை. அப்பாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள்; பிறகு அலமாரிக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். மேல்மாடி டீச்சருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சனிக்கிழமை கிளம்ப வேண்டிய மனுஷன், இப்படி முன்னாடியே…" என்று ஆரம்பித்தார். அம்மா சட்டென்று, "டீச்சர், உள்ள போய் எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் கொடுக்குறீங்களா?" என்றாள். அவள் யாரையும் அப்படி ஏவி நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் பெண் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அம்மாவின் பயம் அதுதான். அலமாரி திறந்தால், தன்னைக் கடலுக்குக் கூட்டிப்போக இருந்தவரிடமா அந்தக் கத்து கத்தினோம் என்று பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவள் வேறு எதுவும் பேசவில்லை; பேச வாய்ப்புமில்லை. பதினாறு வயதில் அதைத் தூக்கிக்கொண்டு எத்தனை வருஷம் நடப்பாள்? வியாழக்கிழமை காலை பெண் குளிக்கப் போன நேரம், பைகளை எடுத்து டீச்சர் வீட்டில் ஒளித்துவிடலாம் என்று அம்மா அலமாரியிடம் போனாள். விரல் அட்டையைத் தொட்டது. அவருடைய கோணல் எழுத்து: பெயர்: அப்பா. காரணம்: சொல்ல முடியாது. முடியும் நாள்: சனி.

கையை எடுத்துக்கொண்டாள். ஒன்பது மாடிக்காரர்கள் நடக்கிறார்கள். கட்டின பெண்டாட்டி கழற்றுவதா?

பத்து மணிக்கு ஜோடி வந்தான். அவருடைய கருவிப் பையைத் தரையில் மெதுவாக, தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல் வைத்தான்.

"இன்னிக்குக் காலைல அங்க போய் அட்டையைக் கழட்டிட்டேன் அண்ணி. லிஃப்ட் ஓடுது."

"நீங்க எப்படிக் கழட்டலாம் சித்தப்பா?" இரண்டு நாளில் வக்கீல் பேசிய முதல் வாக்கியம். "மாட்டினவங்கதானே கழட்டணும்?"

"மாட்டினவங்க இல்லைன்னா அதுக்கும் ஒரு முறை இருக்கும்மா. முதல்ல இடம் முழுக்கத் தேடிப் பாக்கணும். பேர் சொல்லிக் கூப்பிடணும். போன் பண்ணணும். கூட ஒரு ஆளு சாட்சிக்கு நிக்கணும். அப்புறம் அட்டைக்குப் பின்னாடி எழுதணும்." அவன் கருவிப் பையின் வாரைச் சரிசெய்தான். "'ஆள் தளத்தில் இல்லை'ன்னு. அந்த மூணு வார்த்தை எழுத எனக்கு அரை மணி ஆச்சு."

"யாரு எழுதலாம்?"

"அவரோட வேலையை அடுத்து யாரு எடுத்துக்கிறாங்களோ, அவங்க."

பெண் அலமாரியைப் பார்த்தாள். அம்மா, "வேண்டாம்டா கண்ணு" என்றாள். அவள் காதில் வாங்கவில்லை.

முதலில் சமையலறைக்குப் போனாள். "அப்பா." பிறகு குளியலறை. "அப்பா." பால்கனிக்குப் போய்த் துணிக்கொடிக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். "அப்பா." சத்தம் போட்டு அல்ல, சாப்பிடக் கூப்பிடுகிற குரல். படுக்கை அறைக்குள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தாள். தடுக்க எழுந்த அம்மாவின் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஒரு அறையையும் விடவில்லை. அப்படியே அவர்தான். ஒரு போல்ட்டைக்கூட விடாமல் பார்ப்பாரே, அதே நடை.

பிறகு போன் செய்தாள். தரையில் இருந்த கருவிப் பைக்குள் மணி அடித்தது. ஜோடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அடித்து முடியும் வரை அவள் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாட்சிக்கு நீ நில்லும்மா" என்றாள்.

அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். பெண் அட்டையைத் திருப்பி எழுதினாள். அரை மணி ஆகவில்லை. ஆனால் 'இல்லை' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

அலமாரிக்குள் மூன்று பைகள். கடலுக்குப் போகிற மனிதர் என்னென்ன எடுத்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால் ஜோடிக்கே சிரிப்பு வந்துவிட்டது: மூன்று குடை, இரண்டு டார்ச், பத்து மீட்டர் கயிறு, ஒரு குறடு, அறையில் மின்விசிறி சரியில்லாவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு டெஸ்டர். பெண்ணுடைய பையில் மேலாக ஒரு வைக்கோல் தொப்பி, ஆறு வயதுக் குழந்தைக்கு வாங்கினதுபோல் சின்னதாக. அதற்குள் ஒரு உறை. மூன்று டிக்கெட். சனிக்கிழமை.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தேதியைப் படித்தாள். ஊர்ப் பெயரைப் படித்தாள். மறுபடி தேதி.

"அம்மா. நான் அப்பாகிட்ட… படிக்கட்டுன்னு சொன்னேன்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இதைத்தான் பயந்தாள். வந்துவிட்ட பிறகு பயமாக இல்லை.

"தெரியும். சிரிச்சுக்கிட்டே போனாரு. 'எப்படிப் பிடிச்சா பாரு அந்த வார்த்தையை'ன்னாரு."

"அங்க வாட்ச்மேன்கிட்டயும் சொன்னாரும்மா" என்றான் ஜோடி, சுவரைப் பார்த்தபடியே. "எட்டாவது மாடி அம்மாகிட்டயும் நிறுத்திச் சொன்னாரு. 'என் பொண்ணு என்னைக் கேட்ட கேள்வியைக் கேளுங்க'ன்னு. வக்கீல் ஆனதும் எங்க எல்லார் கேஸும் உனக்குத்தானாம்."

பெண்ணின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அம்மா அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல உங்கப்பா லிஃப்ட்ல ஏறி நீ பாத்திருக்கியாடி?" என்றாள். "நம்ம வீட்டுக்கே படியிலதான் வருவாரு. பக்கத்துலயே நடந்து வந்து அது ஓடுற சத்தத்தைக் கேப்பாரு. அந்த மனுஷன் வாழ்க்கை முழுக்க நடந்தது படிக்கட்டுலதான்."

சனிக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். ஆள் போய் நாலு நாள் ஆகவில்லை, ஊர் சுற்றவா என்று நாங்கள் பேசினோம், பேசாமல் இருப்போமா? டீச்சர் மாடிப்படியில் வழிமறித்தே கேட்டார். "முடியும் நாள் சனின்னு போட்டிருக்காரு டீச்சர். அவர் எந்த வேலையும் ஒரு நாள் தள்ளினது இல்லை" என்றாள் வக்கீல். டீச்சர் வழிவிட்டார். ரயிலில் மூன்றாவது இருக்கையில் கருவிப் பை உட்கார்ந்து போனதாம்.

திரும்பி வந்தபோது தொப்பி வக்கீலின் தலைக்கு மேல் தட்டுபோல் நின்றுகொண்டிருந்தது. கடல் எப்படி இருந்தது என்று கேட்டோம். ஒவ்வொரு லிஃப்டையும் பழுது பார்த்து முடித்ததும் அவர் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னாள்: "சத்தம் சரியா இருந்துச்சு."

பிறகு நடந்தவை: டீச்சர் மகன் வீட்டோடு போய்விட்டார், அங்கே அவருக்கு ரகசியம் சொல்ல ஆள் கிடைத்திருக்கும். ஜோடி அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் கைத்தடி அம்மாளுடைய பேத்தியைக் கட்டிக்கொண்டான். பெண் பார்க்கவும் படியேறித்தான் போனானாம். அம்மா அதே கண்ணாடிக் கடையில் இருக்கிறாள், வேறு கல்யாணத்துக்கு யார் யாரோ கேட்டும் சிரித்துவிட்டாள். வக்கீல் நிஜமாகவே வக்கீலுக்குப் படித்தாள். வேலை கிடைத்தது ஒரு துறைமுக ஊரில்.

அவள் கிளம்பிய காலையில் நாங்கள் எல்லோரும் வாசலில்தான் இருந்தோம். மூன்றாம் மாடியில் லிஃப்டுக்குள் பெட்டியை மட்டும் தள்ளி வைத்தார்கள். பெட்டியின் கைப்பிடியில், ஓரம் மங்கிப்போன சிவப்பு அட்டை. அம்மா பொத்தானை அழுத்தினாள். கதவு மூடியது. அம்மாவும் பெண்ணும் படியில், அதன் பக்கத்திலேயே, சத்தத்தைக் கேட்டபடி இறங்கி வந்தார்கள்.