கோசரா பக்கத்துக் காற்று

கார் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் திஹோமிர், நிமிரும்போதே சிரித்துவிட்டான்.

"விடோயே மாமா, கம்ப்ரஸர் புத்தம் புதுசா இருக்கே! முப்பது வருஷத்துல ஒரு நாளாவது ஏசி போட்டீங்களா?"

"போட விட்டாளா உங்க அத்தை?" என்றார் விடோயே.

செர்பியாவின் நிஷ் நகரத்தில் இதற்கு மேல் விளக்கம் எதற்கு? கழுத்தில் காற்றுப் பட்டால் ஆள் காலி என்று நம்புகிற ஊர். பேருந்தில் எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்தால் அடிதடியே நடக்கும். விடோயேயின் மனைவி கோசரா அதில் எல்லோருக்கும் மேலே. நாற்பது டிகிரி வெயிலிலும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு காரில் உட்காருவாள். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது ஏசி மகள் நெவென்காவுக்காக. போன ஆகஸ்டில் வியன்னாவிலிருந்து வந்தவள், காரின் அனலில் பேரன் வாந்தி எடுத்ததும் மறுநாளே கிளம்பிவிட்டாள். "ஏசி ஓடினா அடுத்த வருஷம் வர்றேம்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பாவம், மனுஷன் பத்து மாதத்தை ஓட்டியிருக்கிறார்.

திஹோமிர் மிச்சமிருந்த பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்தான். பழைய ஆயிலை வடித்தான். காய்ந்துபோன ரப்பர் வளையங்களை மாற்றினான். வேக்யூம் போட்டு அரை மணி நேரம் பார்த்தான், முள் அசையவில்லை, கசிவு இல்லை.

"புது கேஸைப் பழைய அளவுக்கு ஏத்தினா பிரஷர் எகிறிடும் மாமா. கொஞ்சம் கம்மியாத்தான் போடணும்."

ஜில்லென்று காற்று வந்தது. விடோயே இருந்த இடத்திலிருந்தே மகளுக்கு போன் போட்டார்.

"ஏசி ரெடிம்மா! பெட்டியைக் கட்டு!"

"ஐயோ அப்பா... நாங்க கிரீஸுக்கு பிளைட் போட்டுட்டோமே. அது ஏதோ பேச்சுக்குச் சொன்னதுப்பா."

"அதனாலென்ன, காருக்கும் வேண்டியதுதானே," என்றார். வேறென்ன சொல்வார்!

தனியாக ஓட்டிக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டும்போது கை தானாக நீண்டு, கோசரா உட்காரும் பக்கத்து இருக்கையைப் பார்த்த காற்று வழியை மூடியது. மொத்தக் குளிரும் அவர் கழுத்தில் அடித்தது.

காலையில் கழுத்து திரும்பவில்லை. துணியில் ரக்கியா சாராயத்தை நனைத்து, தானே சுற்றிக்கொண்டார். சமையலறையில் உட்கார்ந்து, "படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டியா கிழவா?" என்ற திட்டுக்காகக் காத்திருந்தார்.

யாரும் திட்டவில்லை.