பன்னிரண்டாவது வரி

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்றின் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவள் விஜி. கையேட்டில் நிரலையும் சேர்த்து, "சோதனையின்போது பன்னிரண்டாவது வரியை நீக்கவும்" என்று குறித்திருந்தாள். கையேட்டை பிடிஎஃப் ஆக்கியபோது வெற்று வரிகள் விடுபட்டு, வரி எண்கள் மாறிவிட்டன. அவள் கவனிக்கவில்லை. அச்சில் பன்னிரண்டாவதாக வந்தது, சூடு மிஞ்சினால் இயந்திரத்தை நிறுத்தும் வரி. மெக்கானிக் மணிராஜ் அதை நீக்கினார். சோதனையில் இயந்திரம் சூடேறி, தீக்குச்சி மருந்துக் கலவை தீப்பற்றியது.

விஜி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"நீங்க போட்ட நம்பரத்தாம்மா எடுத்தேன். முதலாளி எம்மேல தப்புங்காவ," என்றார்.

"என் தப்புதான் அண்ணாச்சி. அவியகிட்ட சொல்லிட்டுத்தான் வாரேன்."

அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மனைவி செல்வமாரி நிமிர்ந்தாள்.

"சொன்னா இவிய கை வந்துருமா?"