நூம்பலுக்குப் போகாத ரயில்

கமலத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயர் உண்டு. அவள் கூப்பிட்டுப் பேசினால் எந்தச் சண்டையும் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடுமாம். அந்தப் பெயரைப் பரப்பியவளும் பெரும்பாலும் கமலம்தான். அவள் ஸ்டோர்ஸ் பார்க்கும் வால்வு கம்பெனியில், பாலியல் புகார்களை விசாரிக்கச் சட்டப்படி உள்ளகக் குழு அமைத்தபோது அவளையே தலைவியாகப் போட்டார்கள். அவளைவிட மூத்த பெண் அங்கே யாரும் இல்லை என்பதுதான் காரணம். அவளோ தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் புகார் பேக்கிங்கில் வேலை பார்க்கும் காவ்யாவிடமிருந்து வந்தது. சூப்பர்வைசர் ஜெகதீஷ் ஷிப்ட் முடிந்ததும் தினமும் தன் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வருகிறான், பட்டாபிராமில் கூடவே இறங்குகிறான், போன் நம்பர் கேட்கிறான், வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் விடவில்லை என்றாள். இது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் தொடர்ந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றும் சொன்னாள்.

கமலத்தின் மனதில் இந்தச் சட்டம் இரண்டே அறை உள்ள வீடு. ஒன்றில் செய்தித்தாளில் வருகிற பெரிய கொடுமை. மற்றதில் ஒன்றும் நடக்கவில்லை.

"மேல கை வெச்சானா?"

"இல்ல மேடம்."

"அசிங்கமா எதுனா பேசினானா?"

"இல்ல. பின்னாடியே வந்துகினு கீறாரு."

கமலம் நிம்மதியாக இரண்டாவது அறையைத் திறந்தாள். குழுவின் மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பவும் பொறுமையில்லை. ஜெகதீஷை வரவழைத்து, பேட்டையின் வழக்கமான வைத்தியத்தைச் செய்தாள். காவ்யாவைத் தங்கச்சி என்று கூப்பிடச் சொன்னாள். அவன் கூசாமல் கூப்பிட்டான். காவ்யா பதிலுக்கு அண்ணன் என்று சொல்லவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று கமலம் முடிவு கட்டினாள். மூன்று டீ வந்ததில் காவ்யாவுடையது மட்டும் ஆடை கட்டிக் கிடந்தது.

மறு வாரம் காவ்யா மறுபடி வந்து நின்றாள்.

"முன்னல்லாம் பின்னாடி வந்தாரு மேடம். இப்ப பக்கத்துலயே நடக்கறாரு. யாராவது கேட்டா, தங்கச்சிய தனியா அனுப்ப முடியுமா, மேடமே சொல்லிக்கீறாங்கன்றாரு."

கமலத்துக்குக் காது சுட்டது. பின்னால் வந்தவனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் டீ வாங்கிக் கொடுத்து.

குழுவின் வெளி உறுப்பினர், வக்கீல் அகல்யாவுக்குப் போன் போட்டாள். அகல்யா இதற்கெல்லாம் முன்பே வகுப்பு எடுத்திருந்தாள். அந்த வகுப்பில் கமலத்துக்கு நினைவிருப்பது டிபனுக்கு வந்த கெட்டிச் சட்னி மட்டும்.

தொட்டால் ஒரு பிரிவு, ஆசைக்கு இணங்கச் சொன்னால் வேறு, ஒளிந்திருந்து பார்த்தாலோ படம் எடுத்தாலோ வேறு என்று அகல்யா அலுக்காமல் மறுபடி சொன்னாள். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச்சுக் கொடுப்பது தனிக் குற்றம். அது குற்றமாவதற்கு, தொட்டிருக்க வேண்டியதில்லை.

"சமாதானம் வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டாங்களா மேடம்?"

"இல்லம்மா," என்றாள் கமலம். "எனக்குத்தான் வேண்டியிருந்தது."

இந்த முறை குழு முழுவதும் உட்கார்ந்தது. தங்கச்சி என்று சொல்லிவிட்டேனே, நான் போகிற ரயிலில் அவளும் வந்தால் நான் என்ன செய்வது என்று ஜெகதீஷ் சிரித்தான்.

"ஊடு எங்க கீது உனக்கு?" என்றாள் கமலம்.

"நூம்பல்ல மேடம்."

"நூம்பலுக்கு எந்த ரயில் போவுது நைனா?"

அவன் சிரிப்பு நின்றது. பூந்தமல்லி ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டியவன். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். ஸ்டோர்ஸில் ஒரு நட்டு குறைந்தாலும் எங்கே போனது என்று கேட்கிறவள் அவள்.

விசாரணை முடியும்வரை ஜெகதீஷை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். போலீசிலும் புகார் தர வேண்டும் என்று காவ்யாவே சொன்னாள். கமலம் கூடப் போனாள்.

அங்கிருந்த ஏட்டு தன்மையான மனிதர். பெண் பிள்ளை விஷயம், கூப்பிட்டுப் பேசுவோமே என்றார். டீக்கடைப் பையனை விசிலடித்துக் கூப்பிட்டு டீ சொல்லப் போனவர், காவ்யாவைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

"கை கிய் வெச்சானாம்மா?"

கமலம் அவர் முகத்தையே பார்த்தாள். மீசையை எடுத்துவிட்டால் அது தன் முகம்தான்.

"டீ வேணாம் சார்," என்றாள். "அண்ணன் தங்கச்சி வைத்தியமும் வேணாம். அதை நானே செஞ்சு கெடுத்துட்டுத்தான் வந்துகீறேன். நீங்க புகாரை எழுதிக்கோங்க."

காவ்யா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கமலம், அன்று மட்டுமாவது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.