மடிப்பக்காவின் நீச்சல்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் நாளைக்கே என் நாக்கில் புண் வரட்டும். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குறைத்துச் சொல்கிற பழக்கம் அறவே கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நான்கரை மணிச் சங்கு ஊதியதும் சலவை ஆலையின் வெளிக்கதவுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் உடம்பிலும் ப்ளீச்சிங் வாடை. எல்லார் கையிலும் போன். கதவு திறக்க வேண்டுமென்றால் போனில் ஒரு பச்சை இலை தெரிய வேண்டும். இலை தெரிய வேண்டுமென்றால் அன்றைய நாட்குறிப்பை முடித்திருக்க வேண்டும். எழுதலாம், வாயால் சொல்லலாம், ஆனால் ஆறு வரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் போனுக்குள் இருந்த ஏஐ, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கெஞ்சும். ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த தங்கச்சி மாதிரி துருவித் துருவிக் கேட்கிறதே என்று யாரோ அலுத்துக்கொள்ள, அதற்குத் தங்கச்சி என்றே பேராகிவிட்டது.

"தங்கச்சி இன்னைக்கு என்ன கேக்குறா?"

"மனசு என்ன நிறத்துல இருக்குன்னு கேக்குறா."

"சாம்பல்னு போட்டுட்டு வா, நேரமாச்சு."

"சாம்பலா? நாளைக்கு உள்ள விடமாட்டாங்க. மஞ்சள்னு போடு. மஞ்சள்தான் பத்திரம்."

மஞ்சள் பத்திரம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான்கு மாதத்துக்கு முன்னால் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது நிர்வாகம் சுவரில் ஒரு தாள் ஒட்டியது. ஊழியர்களின் மனநலம்தான் ஆலையின் நலம், நீங்கள் சொல்வது உங்களுக்கு மட்டும், மேலே போவது மனநிலை எண் ஒன்றுதான் என்று அதில் இருந்தது. ஜனங்கள் நம்பினார்கள். நம்பிப் பேசினார்கள். சோப்புக் கரைக்கிறவர் தன் மாமியாரைப் பற்றி மட்டும் ஆறு நாள் விடாமல் பேசினார். தங்கச்சி ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

மடிப்பக்காவும் பேசினாள். அவளுடைய வேலை விரிப்பு மடிப்பது. ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகள் இஸ்திரி உருளையில் தேய்பட்டு அப்பளம் மாதிரி சூடாக வரும். எதிரே ஒருத்தி இரண்டு நுனியைப் பிடிக்க, இவள் இரண்டு நுனியைப் பிடித்து, உதறி, நான்காக மடித்து, இருபது சேர்ந்ததும் கட்டாகத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டு அவள் தலைக்கு மேலே ஒரு முழம். பதினோரு வருடமாக அந்த ஒரு முழத்துக்காக எக்கி எக்கி அவளுடைய வலது தோள் இரண்டு வருடமாக வலித்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. தங்கச்சி கேட்டாள்.

எப்போதிலிருந்து வலி? எந்த நாளில் அதிகம்? அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள்? இப்படிப் பத்து நாள் கேட்டுவிட்டு ஒரு மாலை சொன்னாள்: "செவ்வாயும் வெள்ளியும்தான் உங்களுக்கு வலி அதிகம். அந்த இரண்டு நாளும் லாட்ஜ்களிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பு வருகிறது. மேல்தட்டில் அடுக்குகிறீர்கள். ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது."

மடிப்பக்கா அதை இரண்டு தரம் படித்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் காட்டினாள். அவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர்.

"பாத்தீங்களா, கிழமை உட்பட சொல்லுது. வேலையாலதான் வருதாம்."

"இதைத்தானே நானும் சொன்னேன்."

"நீங்க தைலம் தேய்ன்னு சொன்னீங்க. அதுவும் வேற பக்கம் பாத்துக்கிட்டே சொன்னீங்க."

அந்த வாரக் கடைசியில் உருளைக்காரர் தங்கச்சியிடம் மனம்விட்டுப் பேசினார். இருபது வருடம் உருளையில் துணி விட்டவர். தூக்கம் வருவதில்லை, சில நேரம் கையையும் துணியோடு உள்ளே விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னார். மறுநாள் காலையில் அவருடைய நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. ஒரு வாரம் மன ஓய்வு என்றார்கள். மன ஓய்வுக்குச் சம்பளம் கிடையாது. திரும்பி வந்தபோது உருளையில் வேறு ஆள் நின்றான். இவரை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தமும் சீழும் ஊறிய துணிகளுக்குள் மறந்துபோன ஊசிகளும் வரும்.

அன்று மாலை வரிசையில் நின்றவர்களின் கட்டைவிரல்கள் பேன் நசுக்குகிற வேகத்தில் வேலை செய்தன. எல்லாரும் பழசை அழித்தார்கள். மடிப்பக்காவும் அழித்தாள். "நிச்சயமாக நீக்கவா? இது பின்னால் உங்களுக்கு உதவக்கூடும்" என்று கேட்டாள் தங்கச்சி. மடிப்பக்கா முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு ஆமாம் என்று அழுத்தினாள். பத்து நாள் தோள்வலி ஒரு நொடியில் போய்விட்டது. தோள் மட்டும் இருந்த இடத்திலேயே வலித்தது.

இனி சந்தோஷமாக எழுத வேண்டும். அதுதான் யாருக்கும் வரவில்லை. அப்போது கைகொடுத்தவர் பாய்லர் அண்ணன். நீராவி அளவைக் காட்டும் முள்ளை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. முள் நகராது. வேறு போக்கிடம் இல்லாமல் அவர் மூளையில் பொய்கள் செழித்து வளர்ந்திருந்தன. ஒருமுறை பாய்லருக்குள் குளிக்கப் போய், குளிர்கிறது என்று வெளியே வந்துவிட்டதாகச் சொன்ன மனிதர் அவர். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் ஒரு காலி சோப்பு வாளியில் போனைப் போட்டு அவரிடம் கொடுத்தார்கள். மாலையில் வாளி பச்சை இலைகளோடு திரும்பி வந்தது.

முதல் நாள் எல்லாருக்கும் ஒரே சந்தோஷத்தை எழுதினார்: வேலைக்கு வரும் வழியில் வானவில் பார்த்தேன். தங்கச்சி உருகிப்போனாள். "எவ்வளவு அழகு! இன்று உங்கள் ஆலையில் நாற்பத்தொரு பேர் வானவில் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் மழை பெய்து பதினெட்டு நாள் ஆகிறது."

அதன் பிறகு அவர் ஆளுக்கொரு சந்தோஷமாகப் பிரித்துக் கொடுத்தார். உருளைக்காரருக்குப் புல்லாங்குழல். சோப்புக் கரைக்கிறவருக்கு மாமியார் மேல் பாசம். மடிப்பக்காவுக்கு நீச்சல்.

"ஏண்ணே, நான் கணுக்காலுக்கு மேல தண்ணியில நின்னதே இல்ல. எனக்கு எதுக்கு நீச்சல்?"

"பாட்டு, சோடா மூடி சேக்குறது, செடி வளக்குறது எல்லாம் தீந்துபோச்சு. நீச்சல்தான் மிச்சம் இருக்கு. பேசாம நீந்தும்மா."

நீந்தினாள். முதல் வாரம் கரையைப் பிடித்துக்கொண்டு. இரண்டாம் வாரம் கையை விட்டுவிட்டு. இரண்டாவது மாதம் ஆற்றை எதிர்நீச்சலில் கடந்தாள். மூன்றாவது மாதம் தண்ணீரில் விழுந்த ஒரு ஆட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து கரை சேர்த்தாள். தங்கச்சி வாரத்துக்கு ஒரு பதக்கம் கொடுத்தாள்.

அதற்குள் அவளால் வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. காலையில் புருஷன்தான் தலை வாரிவிட்டார். சிமெண்ட் காய்ந்து வெடித்த விரல்களில் முடி சிக்கிக்கொண்டு வந்தது. பின்னல் கயிறு மாதிரி கோணலாக இருக்கும். வகிடு மட்டும் நூல் பிடித்துப் போட்டது போல நேராக இருக்கும். "வகிட்டுக்கு வெள்ளை சிமெண்ட் பூசலையா?" என்று ஆலையில் கேலி செய்தார்கள். கேலிக்குச் சிரித்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடிப்பக்கா அதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் வைத்தால் இழுத்தது. தொங்கவிட்டால் கனத்தது. மேசையில் வைத்தால் விறுவிறுத்தது. உட்கார முடியாமல் எழுந்தாள், நிற்க முடியாமல் நடந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரட்டை விரிப்புக் கட்டைத் தூக்கும்போது தோளுக்குள் ஏதோ அறுந்தது. இருபது விரிப்பும் அவள் தலைமேல் விழுந்தன. தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை செய்யாவிட்டால் கை இனி எழும்பாது என்றார் டாக்டர். வேலையில் பட்ட காயம் என்றால் ஆலை செலவை ஏற்கும். மடிப்பக்கா மனு எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை நாளன்று காலையில் பாய்லர் அண்ணன் அவளை வழிமறித்தார். முதல் முறையாக அவர் முகத்தில் கதை எதுவும் இல்லை.

"நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்மா."

"சொல்லிட்டு? நாப்பத்தொரு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போறதா? போங்கண்ணே, முள்ளைப் பாருங்க."

நல அலுவலர் சின்ன வயதுப் பெண். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடி அறையில், மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் செடி.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா? வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு வருசமா இருக்கு மேடம். செவ்வாய், வெள்ளி அதிகம். இரட்டை விரிப்பு வர்ற நாள்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினாள். "உங்க நாட்குறிப்புல வலின்னு ஒரு வார்த்தைகூட இல்லையேக்கா."

"இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

"ஏன் அழிச்சீங்க?"

மடிப்பக்கா பிளாஸ்டிக் இலைமேல் இருந்த தூசியைப் பார்த்தாள்.

"ஆனா நீச்சல் இருக்கு. தொண்ணூத்தாறு நாள்ல தொண்ணூத்தோரு நாள் நீந்தியிருக்கீங்க. ஆத்தை எதிர்நீச்சல்ல தாண்டியிருக்கீங்க. ஒரு ஆட்டை வேற தூக்கியிருக்கீங்க." அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "தோள் போறதுக்கு இதைவிட என்னக்கா வேணும்?"

"எனக்கு நீந்தத் தெரியாது மேடம்."

அலுவலர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ இது பொய்ப் பதிவு. பொய்ப் பதிவுன்னா வேலை நீக்கம். யார் எழுதினாங்கன்னு விசாரிக்கணும், மத்தவங்க பதிவையும் எடுத்துப் பாக்கணும். அப்படியே எழுதிக்கவா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

கண்ணாடிக்கு வெளியே பாய்லர் அண்ணன் தீயணைப்பு உருளையில் எழுதியிருந்ததை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விரிப்புகள் ஏறி இறங்கின. உருளைக்காரர் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு விரலில் கட்டுப் போட்டிருந்தார்.

"நீந்தினேன் மேடம்" என்றாள் மடிப்பக்கா. "நல்லாவே நீந்துவேன்."

அலுவலர் நீட்டிய தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் இருந்தது.

மறுநாள் காலையில் புருஷன் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். "என்னதான் சொன்னாங்க? ராத்திரியெல்லாம் வாயத் திறக்கலையே நீ."

"நீச்சலைக் குறைச்சுக்கச் சொன்னாங்க."

"நீ எப்ப நீந்தினே?"

"தினமும் காலையில. நீங்க தூங்கிட்டு இருக்கும்போது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். அப்புறம் திரும்பி வந்து வகிட்டை எடுத்தார். அன்றைக்கு அது கோணலாக விழுந்தது.

மனு தள்ளுபடி ஆனது. மடிப்பக்காவுக்கு மேல்தட்டுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். விரிப்புக் கட்டை இடது தோளில் சுமந்து ஸ்டூல்மேல் ஏறினாள். இறங்குவதற்குள் அடுத்த கட்டு வந்துவிட்டது. உருளை யாருக்காகவும் நிற்பதில்லை.

மூன்று வாரம் கழித்து நிர்வாகத்தின் ஆறு கிளைகளிலும் யார் மனம் அதிகம் தெளிவாக இருக்கிறது என்று தங்கச்சி கணித்துச் சொன்னாள். மடிப்பக்கா முதலாவது வந்திருந்தாள். அவளை வண்டியில் ஏற்றி ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனார்கள். யாருடையதோ நீச்சலுடையைக் கொடுத்தார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இடது கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்கக்கா, ஜெயிச்ச மாதிரி" என்றான் படம் எடுக்க வந்தவன்.

இடது கை போனது. வலது கை வரவில்லை.

"பரவால்ல, நாங்க பாத்துக்குறோம்."

அடுத்த திங்கட்கிழமை வெளிக்கதவுக்குப் பக்கத்தில் கதவு உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. அதில் மடிப்பக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் வானத்தைப் பார்த்து நேராக எழும்பியிருந்தன. வலது கை இடது கையைவிடக் கொஞ்சம் நீளம். வழவழப்பாக, சிவப்பாக, இருபது வயதுக் கையாக இருந்தது. அதற்குக் கீழே வரிசையில் மடிப்பக்கா நின்றாள். வலது கட்டைவிரலை ஏப்ரன் கயிற்றில் மாட்டியிருந்தாள், கை தொங்காமல் இருக்க. மனசு என்ன நிறம் என்று தங்கச்சி கேட்டாள். இடது கையால் மஞ்சள் என்று எழுதினாள். இலை பச்சையானது, கதவின் பூட்டு விலகியது. அவள் இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் பாய்லர் அண்ணன்.