கை எலும்பு சொன்ன வயது

...முழங்காலுக்கு எதற்குக் கையைப் படம் எடுக்கிறார்கள் என்று என் கணவர் டிரேவர் ஆபீஸிலிருந்து போனில் கத்தினார், காலைப் பாக்கச் சொன்னா கையப் பிடிச்சுப் பாக்குறானா உங்க டாக்டர், எனக்குச் சிரிப்புதான் வந்தது, என் பயாலஜி வகுப்பில் கேட்டிருந்தால் போர்டில் வரைந்தே காட்டியிருப்பேன், மணிக்கட்டிலும் விரல்களிலும் எத்தனை குட்டி எலும்புகள், ஒவ்வொன்றும் ஒரு வயதில் வளர்ந்து முடிகிறது, ஒரே படத்தில் உடம்பு இன்னும் எவ்வளவு வளரும் என்று சொல்லிவிடலாம்... என் மகள் ஜூலியா உள்ளே எக்ஸ்ரே மேஜையில் இடது கையை விரித்து வைத்திருப்பாள், பதின்மூன்று வயதுக் கை, ஹாக்கி மட்டை பிடித்துக் காய்த்த கை. பந்தோடு ஓடியவள் சட்டென்று திரும்பினாள், பாதம் தரையிலேயே நின்றுவிட்டது, முழங்கால் மட்டும் திரும்பியது, டப்புன்னு கேட்டுச்சு மம்மி என்றாள். பிள்ளைகளுக்குப் பல சமயம் மூட்டைக் கட்டியிருக்கும் நார் அறாது, அது பிடித்திருக்கும் இளசான எலும்புதான் துண்டாகப் பெயர்ந்து வரும், அதைத் திரும்ப வைத்துப் பொருத்திவிடலாம், அப்படியே இருக்கட்டும் மாதாவே என்று வேண்டினேன், இவளுக்கோ நார் நடுவிலேயே அறுந்திருக்கிறது, முழங்காலுக்குள் சிலுவையாகக் குறுக்கே ஓடும் இரண்டில் முன்னது, வளர்ந்தவர்களுக்கு அறுவது போல... அங்கேயே எனக்குத் தட்டியிருக்க வேண்டாமா?

வளர்ந்தவர்களுக்கென்றால் தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டுப் புது நாரைக் கோத்துவிடுவார்களாம், பிள்ளைகளுக்கு அந்தத் துளை வளர்ச்சித் தட்டைக் குத்திக்கொண்டு போகும், எலும்பு முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு, கால் நீள்வது அங்கேதான், அது ஒரு பக்கம் கெட்டியாகிவிட்டால் மறுபக்கம் மட்டும் வளர்ந்து கால் கோணும்... சரி, காத்திருந்தால்? முழங்கால் மூட்டு நழுவுகிற ஒவ்வொரு தடவையும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை கிழியும். போன வாரம் பாத்ரூமில் நழுவியது, நேற்று ஜோகுபாளையம் முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது. தொட்டாலும் கெடும், விட்டாலும் கெடும். பெரியவளாயிட்டாளா மேடம் என்றார் டாக்டர் வைத்தீஸ்வரன், இன்னும் இல்ல டாக்டர் என்றேன், யோசிக்கவே இல்லை, அப்ப ரெண்டு வருஷம் காத்திருக்கணும், விளையாட்டே கூடாது, எதுக்கும் கையை ஒரு படம் எடுத்துடலாம் என்றார், ஜூலியா தரையைப் பார்த்தாள்... ஹாக்கி போச்சே என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது படம் விளக்குக்கு முன்னால் தொங்குகிறது. விரல் நுனியில வளர்ச்சித் தட்டெல்லாம் மூடிடுச்சே மேடம் என்கிறார் டாக்டர், எலும்பு வயசு பதினாலுக்குக் குறையாது, பெரியவளாகலைன்னு நீங்க சொன்னதோட ஒத்து வரலியே... நானும் பார்க்கிறேன், நுனி எலும்புகளில் கோடே இல்லை, அலமாரியில் என் நாப்கின் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோன மாதங்கள், நானே எண்ணிக்கையை மறந்தேன் என்றல்லவா இருந்தேன்! மாடி வீட்டு இளவேனில், இவளோடு ஒரே டீமில் ஆடியவள், அவள் பெரியவளானபோது ஹால் பிடித்து, பட்டுப்புடவை சுற்றி, வீடியோ எடுத்து, அடுத்த வாரமே மட்டை பரணுக்குப் போனது, இனி என்னடி பசங்க முன்னாடி ஓட்டம் என்றாள் அவள் அம்மா, விருந்தன்று ஜூலியா பிரியாணியைத் தொடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஹார்மோன், கருப்பை என்று விளக்கிக்கொண்டே வந்தேன், ம் கொட்டினாள், எல்லாம் புரிந்துகொண்டாள் என்று எவ்வளவு சந்தோஷம் எனக்கு...

சொல்ப, கொஞ்சம் வெளியே இருங்க மேடம், டாக்டர் பாப்பாகிட்டயே கேக்கணுமாம் என்று நர்ஸ் என்னை அனுப்பிவிட்டாள். மூடிய கதவு. ஆமாம் என்று அவள் சொன்னால் வளர்ச்சி முடியும் தறுவாய்தான், இந்த லீவிலேயே ஆபரேஷன் செய்யலாம், இல்லை என்றால் மறுபடி காத்திருப்பு, மறுபடி நழுவல்... என் பிள்ளை என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன், இப்படி ஒரு ஜெபம் உண்டா? உள்ளே ஜூலியாவின் குரல், ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை, ஒற்றை வார்த்தை இல்லை, நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே போகிறாள், நடுவில் டாக்டர் ஒன்றும் பேசவில்லை, நர்ஸும் பேசவில்லை... இவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதே இல்லையே, நான் எங்கே பேச விட்டேன்...